ஓய்வூதியருக்கு ‘5 லட்சம்’ காப்பீடு: எந்தத் திட்டத்தில், எத்தனை காலத்துக்கு, எதற்கு?

3 நவம்பர் 2025, காலை 9.40 – தென்காசி மகள்

அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 72, அம்மாவுக்கு 68. ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். “அரசு ஓய்வூதியருக்கு வருஷம் 5 லட்சம் உண்டு, 70 தாண்டினால் ஆயுஷ்மான் அட்டையில் இன்னொரு 5 லட்சம், ஆக 10 லட்சம், கவலையே வேண்டாம்” என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இது சரியா?

3 நவம்பர், காலை 11.15 – கருவூல மேசை

சரியில்லை. மூன்று இடத்தில் தப்பு.

முதலாவது, உங்கள் அப்பாவின் திட்டத்தில் 5 லட்சம் என்பது வருஷக் கணக்கே இல்லை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியருக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய தவணை 1.7.2022-ல் தொடங்கி 30.6.2026-ல் முடிகிறது. அந்த நான்கு வருஷம் முழுவதற்கும் சேர்த்துத்தான் 5 லட்சம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்றும் கிடையாது. இருவருக்கும் பொதுவில் ஒரே தொகை. 2023-ல் அம்மாவுக்கு ஒரு லட்சத்துக்கு வைத்தியம் ஆகியிருந்தால் இன்று மிச்சம் 4 லட்சம்.

இரண்டாவது, பட்டியலில் குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் மட்டும் உச்சவரம்பு 10 லட்சம். ‘10 லட்சம்’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். எல்லா வைத்தியத்துக்கும் அது பொருந்தாது.

மூன்றாவது, ஆயுஷ்மான் வய வந்தனா. 70 வயது நிறைந்த எவரும் வருமான வரம்பில்லாமல் சேரலாம் என்று மத்திய அரசு 29.10.2024-ல் கொண்டுவந்தது, உறவினர் சொன்ன ஆயுஷ்மான் அட்டை இதுதான். அங்கே 5 லட்சம் வருஷத்துக்குத்தான், அதுவும் குடும்பத்துக்கு. ஒரே வீட்டில் 70 தாண்டியவர் இருவர் இருந்தால் பகிர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 68, அவர் அதில் வரமாட்டார். வேறு அரசு மருத்துவத் திட்டத்தில் இருப்பவர் அதிலேயே தொடரலாம், அல்லது இதற்கு மாறிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் வாசகம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டிக்கொள்ள அதில் வழி வைக்கவில்லை.

இப்போதைக்கு ஒரே வேலை: இந்தத் தவணையில் இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது, மீதி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டை எண்ணைக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். அது தெரியாமல் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டாம்.

3 நவம்பர், மதியம் 1.05 – கருவூல மேசை

விட்டுப்போன ஒன்று. 497 ரூபாயை வருஷத்துக்குக் கணக்கிட்டால் 5,964, நான்கு வருஷத்துக்கு 23,856. இந்த வயதுத் தம்பதிக்கு, பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லாமல், இந்த விலையில் தனியார் பாலிசி கிடைக்காது. குறைகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லத்தான் போகிறேன். அதற்காகத் திட்டமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வூதியச் சீட்டில் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று இன்னொரு பிடித்தமும் இருக்கும். அது ஓய்வூதியர் காலமான பிறகு குடும்பத்துக்குப் போகும் 50,000 ரூபாய்க்கானது, மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் கூட்டிச் சொல்லி “இவ்வளவு பிடிக்கிறார்களே” என்பவர்கள் நிறையப் பேர். தமிழ்நாடு அரசின் களஞ்சியம் செயலியில் சீட்டை இறக்கி வரிவரியாகப் பாருங்கள்.

3 நவம்பர், இரவு 8.30 – அடையாறு வாசகர்

மத்திய அரசு ஓய்வூதியர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

சி.ஜி.எச்.எஸ், அதாவது மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியருக்கான மருத்துவத் திட்டம், காப்பீடே அல்ல. 5 லட்சம், 10 லட்சம் என்ற உச்சவரம்பு அதில் கிடையாது. பட்டியலிலுள்ள மருத்துவமனைக்கு நிர்ணயித்த கட்டணப்படி அரசு கொடுக்கும். அதன் வெல்னஸ் சென்டர் என்ற மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கலாம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கலாம். மேலே சொன்ன மாநிலத் திட்டத்தில் அந்த வசதி இல்லை.

சந்தா ஓய்வு பெற்றபோதிருந்த ஊதிய நிலையைப் பொறுத்தது: நிலை 1 முதல் 5 வரை மாதம் 250, நிலை 6-க்கு 450, 7 முதல் 11 வரை 650, 12-க்கும் அதற்கு மேலும் 1,000. வருஷாவருஷம் கட்டலாம், அல்லது பத்து வருஷச் சந்தாவை ஒரே தடவையில் கட்டி ஆயுள் அட்டை வாங்கலாம். நிலை 7 என்றால் 78,000, நிலை 6 என்றால் 54,000. ஓய்வுப் பணம் கையில் இருக்கும்போதே ஆயுள் அட்டை வாங்கிவிடுவது நல்லது. வருஷச் சந்தா என்றால் ஞாபகமாகப் புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் அவசரத்தில் அட்டை செல்லாது.

சி.ஜி.எச்.எஸ் எல்லைக்கு வெளியே குடியிருப்பவர், புறநோயாளிச் செலவுக்காக மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியை எடுத்துக்கொண்டு, உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ் வைத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியவில்லை. படியா, அட்டையா, ஏதாவது ஒன்றுதான் என்று நினைத்துப் படியை மட்டும் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாயில் பைபாஸ் செய்ய முடியாது.

3 நவம்பர், இரவு 9.10 – கருவூல மேசை

அடையாறு வாசகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சி.ஜி.எச்.எஸ் இருக்கிறவர்கள் “70 ஆகிவிட்டது” என்று வய வந்தனாவுக்கு மாறவே வேண்டாம். வய வந்தனா உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும். மாத்திரை கிடையாது, ஓ.பி. (புறநோயாளிச் சிகிச்சை) கிடையாது, வருஷ உச்சவரம்பு உண்டு. பதிவுசெய்யும்போது வேறு அரசுத் திட்டத்தில் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். முகாமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன் அவசரத்தில் ‘இல்லை’ என்று தட்டிவிடக்கூடும். பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள்.

4 நவம்பர், காலை 7.20 – அடையாறு வாசகர்

ஆமாம். 70 நிறைந்த சி.ஜி.எச்.எஸ் பயனாளிக்கு 2024 முதல் இன்னொரு வசதியும் இருக்கிறது. பட்டியல் மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரை நேரடியாகப் பார்க்கலாம், வெல்னஸ் சென்டர் பரிந்துரை தேவையில்லை. முன்பு அதற்கு வயது 75.

4 நவம்பர், காலை 10.50 – சிங்காநல்லூர்

எங்கள் வீட்டில் மில் ஓய்வூதியர். இ.பி.எஃப் ஓய்வூதியம் 1,800 ரூபாய். வயது 66. அவருக்கு இதெல்லாம் எதுவும் இல்லையா?

4 நவம்பர், மதியம் 12.30 – கருவூல மேசை

இருக்கிறது. இந்த இழையிலேயே யாருக்கும் தெரியாமல் கிடக்கும் விஷயம் அதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இ.பி.எஃப் ஓய்வூதியத்தோடு மருத்துவத் திட்டம் எதுவும் ஒட்டி வராது. ஆனால் அவர் மில்லில் இருந்தபோது சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருப்பார்கள். குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியே வந்தவர் என்றால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். நூற்று இருபதுதான், மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. டிஸ்பென்சரியில் டாக்டர், மாத்திரை, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சேர்ந்து வைத்தியம் எல்லாம் இதில் வரும். பிள்ளைகள் வரமாட்டார்கள்.

வேண்டியவை: பழைய இ.எஸ்.ஐ. எண், ஓய்வு வயதில்தான் வேலையை விட்டார் என்று நிர்வாகம் கொடுத்த சான்று, ஆதார், இருவர் புகைப்படம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது அந்தச் சான்றில். மில் மூடிப்போயிருந்தால் யாரிடம் வாங்குவது? பி.எஃப். கணக்கில் பணியிலிருந்து விலகிய தேதி, காரணம் இரண்டும் பதிவாகியிருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கிராஜுவிட்டி கொடுத்த காகிதம் இருந்தால் அதையும் இணைத்துக் கிளை மேலாளரிடம் எழுத்தாகக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கடைசி வருஷங்களில் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போனவர்களுக்கும் 2024-ல் ஒரு தளர்வு அறிவித்தார்கள். 1.4.2012-க்குப் பிறகு குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, 1.4.2017-லோ அதற்குப் பிறகோ, மாதச் சம்பளம் 30,000-க்குள் ஓய்வு பெற்றவர்களுக்கு அது. “சீலிங் தாண்டிட்டீங்க, கிடையாது” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது வழி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். உதவி எண் 1800 425 3993.

4 நவம்பர், மாலை 4.00 – சிங்காநல்லூர்

குடும்ப அட்டையில் மகன் பேரும் இருக்கிறது. அவன் சம்பளம் மாதம் 22,000.

4 நவம்பர், மாலை 4.45 – கருவூல மேசை

அப்படியானால் வருமானச் சான்று அந்த வரம்புக்குள் வராது. மகன் உண்மையிலேயே தனிக் குடித்தனம் இருந்தால் குடும்ப அட்டையைப் பிரித்த பிறகு விண்ணப்பிக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு காப்பீட்டுக்காக மட்டும் பிரிப்பதை நான் சொல்லமாட்டேன். விசாரணைக்கு வந்தால் அட்டையும் போகும், சான்றும் போகும். உங்களுக்கு இ.எஸ்.ஐ. 120 ரூபாய் வழியே நல்ல வழி. எழுபது ஆனதும் வய வந்தனா. மேலே சொன்ன ‘தொடரலாம் அல்லது மாறலாம்’ என்ற நிபந்தனை இ.எஸ்.ஐ.க்கு இல்லை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களும் வய வந்தனா பெறலாம், அதற்காக இ.எஸ்.ஐ.யை விட வேண்டாம்.

5 நவம்பர், காலை 9.15 – தென்காசி மகள்

மீதித் தொகை 5 லட்சமும் முழுசாக இருக்கிறதாம். மருத்துவமனையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஒரு தாளில் அச்சிட்டு: அறுவை பேக்கேஜ், அதன் கீழே ‘இம்பிளாண்ட் வித்தியாசம்’, ‘கன்ஸ்யூமபிள்ஸ்’, ‘அறை மேம்பாடு’, ‘பிசியோதெரபி’. மேல் வரி மட்டும் காப்பீட்டில், மற்ற நாலும் நாங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

5 நவம்பர், காலை 10.40 – கருவூல மேசை

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் பிரிக்க வேண்டும்.

‘அறை மேம்பாடு’ நீங்கள் கேட்டால்தான் வரும். திட்டத்தில் தகுதியுள்ள அறையே போதும் என்று எழுதிக் கொடுங்கள், அந்த வரி போய்விடும். இது சின்ன விஷயம் இல்லை. மேல் அறைக்குப் போனால் அறை வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாம் அந்த அறை வகுப்புக்கே ஏறும்.

‘இம்பிளாண்ட் வித்தியாசம்’. இம்பிளாண்ட் என்றால் முழங்காலில் பொருத்தும் செயற்கை மூட்டு. அதன் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அதற்கு மேல் எந்த மருத்துவமனையும் வாங்கக் கூடாது. பேக்கேஜில் எந்த வகை மூட்டு அடங்கியிருக்கிறது, நீங்கள் கேட்காமல் வேறு வகையை ஏன் எழுதினார்கள் என்று கேளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், அளவு, பேட்ச் எண், விலை எல்லாம் இருக்கும். அந்த ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்வது உங்கள் உரிமை. பின்னால் பணம் திரும்பக் கேட்க வேண்டிவந்தால் இந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்றால் கையுறை, சிரிஞ்ச், டிரெஸ்ஸிங் சாமான். அறுவைப் பேக்கேஜுக்குள் இதெல்லாம் அடக்கம். தனியாக வாங்க இடமில்லை. படுத்திருக்கும் நாளில் கொடுக்கும் பிசியோதெரபியும் அப்படியே. வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்வது உங்கள் செலவு.

செய்ய வேண்டியது: “இந்த நான்கு தொகையும் காப்பீட்டில் ஏன் அடங்காது என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி எழுதி, காப்பீட்டு மேசையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதே தாளைப் படம் எடுத்து டி.பி.ஏ.வின் (காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம்) மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். அவர் எண் காப்பீட்டு மேசையின் பலகையில் இருக்கும். பல இடங்களில் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டதுமே பட்டியல் சுருங்கிவிடும்.

5 நவம்பர், மதியம் 2.00 – கருவூல மேசை

இன்னொரு யோசனை. இரண்டு காலையும் ஒரே முறையில் செய்வதா, இடைவெளி விட்டா என்பது டாக்டர் முடிவு, அதில் நான் நுழையமாட்டேன். இடைவெளி விடுவதானால் தவணை 30.6.2026-ல் முடிகிறது என்பதை மனதில் வையுங்கள். அடுத்த தவணைக்கான அரசாணை வெளிவந்து, பதிவுகள் சீராகும் வரை முதல் வாரங்களில் முன் அனுமதி தாமதமாவது வழக்கம். ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ தேதி வைக்காதீர்கள்.

5 நவம்பர், இரவு 7.50 – வேலூர்

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் ஒரு பைசாவும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். மாரடைப்பு, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

6 நவம்பர், காலை 6.30 – கருவூல மேசை

அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். காசில்லாச் சிகிச்சை கிடையாது, அவ்வளவுதான். செலவைத் திரும்பக் கேட்கும் வழி திட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் கருவூலம் வழியாகப் போகும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவெடுக்கும். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் காகிதங்களைப் பார்க்கும்.

குழுவின் முன் நிற்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: அவசரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நெஞ்சுவலியுடன் சேர்க்கப்பட்டார்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மணிக்கு வந்தார், எந்த நிலையில் வந்தார், உடனே என்ன செய்யப்பட்டது என்று சிகிச்சை அளித்த டாக்டரிடம் தனியாக ஒரு அவசரச் சான்று வாங்குங்கள். 108-ல் போயிருந்தால் அந்த விவரத்தையும் இணையுங்கள். முதல் இ.சி.ஜி. தாளில் நேரம் அச்சாகியிருக்கும். வெப்பத் தாளில் வரும் அச்சு சில மாதத்தில் மங்கிப்போகும் என்பதால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். மூலப் பில், பணம் கட்டிய ரசீது, மருந்து பில் எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு ஒரு பட்டியல் தயார் செய்து, இரண்டு செட் நகல் வையுங்கள்.

செலவழித்தது முழுதும் வராது. திட்டத்தின் பேக்கேஜ் விலை வரைதான் கணக்கு.

நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பட்டியலில் இல்லை’ என்பது மட்டுமே காரணம் என்றால் அது நிற்காது. சிவ காந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 13.4.2018-ல் சொன்னது இதைத்தான்: அரசாணைப் பட்டியலில் அந்த மருத்துவமனை இல்லை என்பதற்காக மட்டும் மருத்துவச் செலவை மறுக்க முடியாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா என்றே பார்க்க வேண்டும். அது மத்திய அரசு ஓய்வூதியர் வழக்கு. ஆனாலும் மாநில ஓய்வூதியர் வழக்குகளிலும் சென்னை உயர் நீதிமன்றம் இதே போக்கில் பல உத்தரவுகள் போட்டிருக்கிறது. மேல்முறையீட்டு மனுவில் இந்தத் தேதியையும் வழக்கின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

6 நவம்பர், காலை 11.00 – அடையாறு வாசகர்

சி.ஜி.எச்.எஸ் ஆட்களுக்கு: பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை டிஸ்சார்ஜ் ஆன ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

7 நவம்பர், மாலை 5.20 – தென்காசி மகள்

எழுதிக் கேட்டதும் நான்கு வரியில் மூன்று போய்விட்டது. ‘இம்பிளாண்ட்’ பற்றி மட்டும் பேசிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். இன்னொரு கேள்வி: அம்மா பெயர் காப்பீட்டு அட்டையில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லெட்சுமி அம்மாள்’. பிரச்சினை வருமா?

7 நவம்பர், மாலை 6.10 – கருவூல மேசை

வரும். முன் அனுமதி நிற்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அப்பாவின் அறுவைக்குத் தடையில்லை என்றாலும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். ஓய்வூதிய ஆணையில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆணையும் ஆதாரும் ஒத்துப்போனால் கருவூலத்தில் ஒரு கடிதம், ஆதார் நகல், ஓய்வூதிய ஆணை நகல் கொடுத்துக் காப்பீட்டுப் பதிவைத் திருத்தக் கேட்கலாம். ஆணையிலேயே மாறியிருந்தால் அது மாநிலக் கணக்காயர் வரை போகும், நாள் பிடிக்கும். அதற்காகவே தள்ளிப்போடாதீர்கள். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வேண்டிய நேரத்தில் இதே எழுத்துதான் குறுக்கே நிற்கும். அந்தச் சமயத்தில் அட்டையையும் அம்மா பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

8 நவம்பர், காலை 8.00 – வேலூர்

5 லட்சத்துக்கு மேல் போனால் என்று தனியார் டாப்-அப் எடுக்கலாமா?

8 நவம்பர், காலை 9.30 – கருவூல மேசை

கையில் காசு இருந்தால் எடுக்கலாம். டாப்-அப் வேண்டாம், சூப்பர் டாப்-அப் பாருங்கள். சாதா டாப்-அப்பில் ஒரே சிகிச்சை 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் ஒரு பாலிசி வருஷத்தின் பில்கள் எல்லாம் சேர்ந்து தாண்டினால் போதும். அந்த முதல் 5 லட்சத்தை அரசுத் திட்டம் கட்டியதா, நீங்கள் கட்டினீர்களா என்பது கணக்கில்லை. ஆனால் அது வருஷக் கணக்கு, உங்கள் அரசுத் திட்டம் நாலு வருஷக் கணக்கு. அரசுத் தொகை முதல் வருஷமே தீர்ந்துவிட்டால் மிச்ச மூன்று வருஷமும் முதல் 5 லட்சம் உங்கள் பொறுப்பு. அதனால் வரம்பை 3 லட்சமாக வைத்தால் சந்தா எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள்.

2024 ஏப்ரல் முதல் 65 வயதைத் தாண்டியவருக்குப் பாலிசி தரக்கூடாது என்ற தடை இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம். 22.9.2025 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பழைய கொட்டேஷனில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் புதிதாகக் கேளுங்கள். மாரடைப்பு வந்ததையும், அதற்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டும் வரை, மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது.

8 நவம்பர், இரவு 9.00 – தென்காசி மகள்

இம்பிளாண்ட் வரியும் போய்விட்டது. முன் அனுமதி வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் வலது கால், அடுத்தது மார்ச்சில்.

9 நவம்பர், காலை 7.10 – கருவூல மேசை

நல்லது. டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்துக் கேட்கும் தாளில் தொகை எழுதாமல் வெற்றாக விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு பில் போடுகிறார்கள் என்று பார்த்து, நகல் வாங்கிய பிறகு போடுங்கள். மார்ச்சில் இரண்டாவது காலுக்கு எவ்வளவு மீதி இருக்கிறது என்பது அந்தத் தாளில் எழுதும் எண்ணைப் பொறுத்தது.